பெத்த பிள்ளை பக்கத்துல உட்காரவும் தனி காசா? விமான 'சீட்' கட்டணத்தில் தெரியாமல் பறிபோகும் பணம்

மேடவாக்கம்,

பஸ்சில் கூட்டம் என்றால் பிள்ளையை மடியில் வைத்துக் கொள்கிறோம். ரெயிலில் பெர்த் மாறி விழுந்து விட்டால் எதிரில் இருப்பவரிடம், "அண்ணே, குழந்தை இருக்கு, கொஞ்சம் அந்தப் பக்கம் மாறிக்கிறீங்களா?" என்று கேட்கிறோம். அவரும் பையைத் தூக்கிக் கொண்டு மாறி விடுகிறார். இதற்கு யாரும் ரசீது போட்டு காசு வாங்குவது இல்லை.

ஆனால் விமானத்தில் மட்டும் பெத்த பிள்ளை பக்கத்தில் உட்காருவதற்கே தனியாக காசு கட்ட வேண்டும் என்று பலர் நினைத்துக் கொண்டு இருக்கிறார்கள். கேட்டதை கட்டவும் செய்கிறார்கள். 12 வயது வரை உள்ள குழந்தையை பெற்றோரில் ஒருவருடனாவது சேர்த்து உட்கார வைப்பது விமான கம்பெனியின் கடமை என்று மத்திய அரசு துறையின் உத்தரவே இருக்கிறது. அது தெரியாமல் நானும் ஒரு தடவை 1,400 ரூபாய் கட்டியவன்தான்.

இந்த சீட் கட்டணம் எப்படி வந்தது? யாருக்கு லாபம்? சட்டம் நமக்கு எதுவரை துணை நிற்கிறது? எங்கே கைவிடுகிறது? விவரம் வருமாறு:-

நாலு பேருக்கு நாலு மூலை

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது இது. மும்பை தாராவியில் என் மாமியாரின் கூடப்பிறந்த அண்ணன் இறந்து விட்டார். மதியம் போன் வருகிறது. மறுநாள் மாலை அடக்கம். ரெயிலில் போனால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகி விடும். முகத்தை பார்க்க முடியாது. வேறு வழி இல்லாமல் மேடவாக்கம் கூட்ரோடு பக்கத்தில் உள்ள ஒரு டிக்கெட் கடைக்கு ஓடினேன். நான், என் மனைவி, 6 வயது மகள், 62 வயது மாமியார் என்று 4 பேருக்கு விமான டிக்கெட். டிக்கெட் விலையை கேட்டபோதே பாதி உயிர் போய் விட்டது.

டிக்கெட் போட்டு முடித்ததும் கடைக்காரர் கம்ப்யூட்டரை திருப்பிக் காட்டினார். சீட்டுகள் தானாக விழுந்து இருந்தன. எனக்கு 8-வது வரிசை. மனைவிக்கு 12. மாமியாருக்கு 23. ஆறு வயசு பொண்ணுக்கு 27. நாலு பேருக்கும் நடு சீட்.

"என்ன தம்பி இது, குழந்தை தனியா எப்படி உக்காரும்?" என்று கேட்டேன்.

"சார், சேர்ந்து உக்காரணும்னா சீட்டுக்கு காசு கட்டணும். தலைக்கு 350. நாலு பேருக்கு 1,400" என்றார்.

சாவு வீட்டுக்கு போகிற அவசரத்தில் யார் சட்டம் பேசுவார்கள்? கட்டி விட்டேன். 1,400 ரூபாய் என்பது என் மகளின் ஸ்கூல் வேனுக்கு ஒரு மாசம் கொடுக்கிற பணம்.

மும்பையில் காரியம் முடிந்து பேசிக் கொண்டு இருந்தபோது சொந்தக்கார பையன் ஒருவன் சிரித்தான். அவன் விமான நிலையத்தில் லக்கேஜ் ஏற்றும் வேலை பார்க்கிறான். "மாமா, குழந்தைக்கு எதுக்கு காசு கட்டுனீங்க? கவுண்ட்டர்ல கேட்டா குடுத்துதான் ஆகணும். ரூல் இருக்கு" என்றான். அப்போதுதான் விஷயமே எனக்குத் தெரியும்.

நான் ஒரு நிருபர். தினமும் செய்தி எழுதி சம்பளம் வாங்குகிறவன். எனக்கே தெரியவில்லை என்றால் முதல் தடவையாக விமானம் ஏறுகிற ஒரு கொத்தனாருக்கோ, ஆஸ்பத்திரி ஆயாவுக்கோ எப்படி தெரியும்?

இப்போது யார் விமானம் ஏறுகிறார்கள்?

விமானம் என்றால் பணக்காரர் சமாச்சாரம் என்பது பழைய கதை. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு ரேடியல் ரோடுதான் தூரம். தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்து திரிசூலம். இறங்கினால் எதிரே ஏர்போர்ட்.

பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம் பகுதிகளில் கட்டிட வேலைக்கு வந்த வடமாநில தொழிலாளிகள் ஊரில் ஒரு கெட்ட செய்தி என்றால் கடன் வாங்கி விமானத்தில் போகிறார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்கு போன பிள்ளைகளைப் பார்க்க வயசான அம்மா, அப்பா போகிறார்கள். கல்யாணமாகி வெளியூர் போன மகளின் பிரசவத்துக்கு தாய் போகிறாள்.

2017-ம் ஆண்டு ஏப்ரலில் 'உடான்' திட்டத்தின் முதல் விமானத்தை தொடங்கி வைத்த பிரதமர் மோடி, ஹவாய் செருப்பு போட்டவர்களும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று சொன்னார். ஹவாய் செருப்பு போட்டவர்கள் ஏறத்தான் செய்கிறார்கள். ஆனால் ஏறிய பிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக பில் வரும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வது இல்லை.

சீட்டுகள் சிதறுவது எப்படி?

குடும்பத்தை வேண்டுமென்றே பிரித்துப் போடுகிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். 2017-ம் ஆண்டு இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷனின் ஒரு நிகழ்ச்சி இதை சோதித்துப் பார்த்தது. 4 விமானங்களில் நாலு நாலு பேராக ஆட்களை அனுப்பினார்கள். அத்தனை பேருக்கும் நடு சீட்டே கிடைத்தது. 'ரியான் ஏர்' என்ற அந்த கம்பெனி, சீட் ஒதுக்கும் முறையில் நாங்கள் எந்த மாற்றமும் செய்யவில்லை என்று மறுத்தது.

நம் ஊரில் அப்படி நடக்கிறது என்று ஆதாரம் இல்லாமல் எழுதக் கூடாது. வேண்டுமென்றே செய்யாமலே கூட சீட்டு சிதறும். கணக்கு இதுதான்.

உள்நாட்டில் அதிகமாக ஓடும் 180 சீட் விமானத்தை எடுத்துக் கொள்வோம். 30 வரிசை. நடைபாதைக்கு இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3. மூன்று மூன்றாக மொத்தம் 60 தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு ஜன்னல் சீட், ஒரு நடு சீட், ஒரு ஓர சீட்.

தனியாகப் போகிற 60 பேர் முதலில் வந்து ஆளுக்கு ஒரு ஜன்னல் சீட்டை பிடித்தால் போதும். சேர்ந்தாற்போல் 3 சீட் அந்த விமானத்தில் எங்கேயும் இருக்காது. இன்னும் 60 பேர் வந்து ஓர சீட்டை பிடித்தால் சேர்ந்தாற்போல் 2 சீட் கூட இருக்காது. மிச்சம் உள்ள 60-ம் நடு சீட்தான். கடைசியாக டிக்கெட் எடுக்கும் குடும்பம் இந்த 60 நடு சீட்டில்தான் சிதறும்.

கடைசியாக டிக்கெட் எடுப்பது யார்? சாவு, ஆஸ்பத்திரி, வேலைக்கான அவசர அழைப்பு என்று திடீரென கிளம்புகிறவர்கள். விலை கூடின நேரத்தில் டிக்கெட் எடுப்பதும் அவர்கள்தான். சீட்டுக்கு தனியாக காசு கட்டுவதும் அவர்கள்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உள்ளது. டிக்கெட் போடும்போதே குழந்தைக்கு தனியாக கட்டம் இருக்கிறது. ஆகவே ஒரு குழந்தை வருகிறது, அது யாரோடு வருகிறது என்பது கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு முதல் நாளே தெரியும். அந்த நிமிஷமே இரண்டு சீட்டை சேர்த்து பூட்டி வைக்க முடியும். ஆகவே "சீட் இல்லை" என்பதை விட "முதலிலேயே ஒதுக்கி வைக்கவில்லை" என்பதுதான் சரி.

கட்டணம் வந்த கதை

1994-ம் ஆண்டு வரை உள்நாட்டு விமான போக்குவரத்து என்பது அரசு கம்பெனிகளின் சொத்து மாதிரி இருந்தது. அந்த ஆண்டு பழைய சட்டம் ரத்தாகி தனியார் கம்பெனிகளுக்கு முழுசாக வழி திறந்தது. கட்டணத்தை கம்பெனிகளே முடிவு செய்யும் நிலை வந்தது.

2003-ம் ஆண்டு கேப்டன் கோபிநாத்தின் 'ஏர் டெக்கான்' வந்தது. நடிகர் சூர்யா நடித்த 'சூரரைப் போற்று' படம் இவரது வாழ்க்கையை தழுவியதுதான். சாப்பாடு கிடையாது, ஆடம்பரம் கிடையாது, டிக்கெட் விலை குறைவு என்பதுதான் அந்த கம்பெனியின் வழி. 2005-ல் ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோ என்று அடுத்தடுத்து வந்தன. நடுத்தர மக்களும் விமானம் ஏறியதற்கு இவை காரணம். அதை மறுக்க முடியாது.

ஆனால் போகப்போக டிக்கெட்டில் அடங்கி இருந்த ஒவ்வொன்றையும் கழற்றி தனியாக விற்க ஆரம்பித்தார்கள். சாப்பாடு தனி. கூடுதல் லக்கேஜ் தனி. முதலில் ஏறுவதற்கு தனி. சீட்டை தேர்ந்தெடுப்பதற்கு தனி. ஓட்டலில் 'மீல்ஸ்' என்று கேட்டால் சாம்பார், ரசம், மோர், பொரியல் எல்லாம் வரும். இதையே சோறு இவ்வளவு, சாம்பார் இவ்வளவு, இலைக்கு இவ்வளவு என்று பிரித்து விற்றால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

2018 நவம்பரில் இண்டிகோ நிறுவனம் 'வெப் செக்-இன்' செய்யும்போது எல்லா சீட்டுக்குமே கட்டணம் என்று அறிவித்தது. நாடு முழுக்க பயணிகள் கொதித்து எழுந்தார்கள். இது விதிமுறைக்கு உட்பட்டதுதானா என்று பரிசீலிப்பதாக மத்திய விமான போக்குவரத்து அமைச்சகம் கூறியது. விமான நிலைய கவுண்ட்டரில் சீட் இலவசமாகவே தரப்படும் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது.

கொரோனா காலத்தில் இன்னொன்று நடந்தது. வெப் செக்-இன் செய்யாமல் கவுண்ட்டரில் போர்டிங் பாஸ் வாங்கினால் அதற்கும் தனி காசு என்று சில கம்பெனிகள் வசூலித்தன. 2022-ம் ஆண்டு ஜூலை 21-ந்தேதி மத்திய அமைச்சகம் தலையிட்டு, அப்படி தனியாக வாங்கக் கூடாது என்று அறிவித்தது. ஜனங்கள் குரல் கொடுத்தால் ஒரு கட்டணம் காணாமல் போகும் என்பதற்கு இதுவே உதாரணம்.

2024 உத்தரவு என்ன சொல்கிறது?

குழந்தைகளை பெற்றோரிடம் இருந்து பிரித்து உட்கார வைத்த சம்பவங்கள் பல வெளியே வந்ததை தொடர்ந்து, 2024-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந்தேதி சிவில் விமான போக்குவரத்து இயக்குனரகம் (டி.ஜி.சி.ஏ.) ஒரு உத்தரவு போட்டது.

அதன்படி, 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஒரே பி.என்.ஆர். எண்ணில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருடனாவது சேர்த்து சீட் ஒதுக்க வேண்டும். அதை கம்பெனிகள் உறுதி செய்ய வேண்டும். ஒதுக்கியதற்கான பதிவேட்டையும் வைத்து இருக்க வேண்டும்.

அதே சமயம் விருப்பப்பட்ட சீட்டுக்கும், சாப்பாட்டுக்கும், வேறு சில சேவைகளுக்கும் தனி கட்டணம் வாங்கலாம் என்றும் டி.ஜி.சி.ஏ. அனுமதி கொடுத்து உள்ளது. ஆனால் அது பயணி தானாக விரும்பி தேர்ந்தெடுத்தால் மட்டுமே. கட்டாயப்படுத்தக் கூடாது. சீட்டை தேர்ந்தெடுக்காமல் விட்டவர்களுக்கு கம்ப்யூட்டரே ஒரு சீட்டை ஒதுக்கும் வசதி இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தையை சேர்த்து உட்கார வைப்பது கம்பெனியின் பொறுப்பு. சீட் கட்டணம் பயணியின் விருப்பம். தன் பொறுப்பை நிறைவேற்ற கம்பெனி பயணியிடம் காசு கேட்டால் அது நியாயம் ஆகுமா? ஆகாது. ஆனால் வெப் செக்-இன் செய்யும் இடத்தில், "உங்களோடு குழந்தை இருக்கிறது, காசு கட்டாமலே சேர்த்து சீட் தருவோம்" என்று பளிச்சென்று எழுதி வைத்து இருந்தால் நான் ஏன் 1,400 ரூபாயை எடுத்து நீட்டி இருக்கப் போகிறேன்?

இங்குதான் தெரிந்தவன், தெரியாதவன் என்ற வித்தியாசம் வருகிறது. அடிக்கடி பறக்கிற கம்பெனி அதிகாரிக்கு ரூல் தெரியும். பேசாமல் கவுண்ட்டருக்கு போய் வாங்கிக் கொள்வார். முதல் தடவை போகிறவர் பயந்து போய் காசு கட்டுவார். ஒரே விமானத்தில் விவரம் தெரிந்தவருக்கு இலவசம், தெரியாதவருக்கு கட்டணம்.

உத்தரவு எட்டாத இடம்

திரும்பி வரும்போது நான் காசு கட்டவில்லை. இரண்டரை மணி நேரம் முன்னாடியே மும்பை விமான நிலையத்துக்கு போய் கவுண்ட்டரில் நின்றேன். "குழந்தைக்கு ஆறு வயசு. அம்மா பக்கத்துல சீட் வேணும்" என்றேன். அந்தப் பெண் மறுபேச்சு பேசாமல் கம்ப்யூட்டரில் தட்டி மகளுக்கும் மனைவிக்கும் பக்கத்தில் பக்கத்தில் சீட் கொடுத்து விட்டார். பத்து பைசா செலவு இல்லை.

ஆனால் என் மாமியாருக்கு 26-வது வரிசையில் நடு சீட். மாற்றித் தர இடம் இல்லை என்று சொல்லி விட்டார்கள். எனக்கு இன்னொரு மூலை.

அண்ணனை அடக்கம் பண்ணி விட்டு வருகிற மனுஷி. வாழ்க்கையிலேயே இரண்டாவது தடவை விமானம் ஏறுகிறார். இந்தி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் பக்கத்து சீட் பையன் மாட்டி விட்டு இருக்கிறான். இரண்டு மணி நேரம் தண்ணி கூட குடிக்கவில்லை. "ஏம்மா கேக்கல?" என்றால், "கேட்டா காசு கேப்பாங்களோன்னு பயந்துட்டேன்" என்றார். குடிக்கிற தண்ணி சும்மாதான் தருவார்கள் என்று அவருக்கு சொல்ல பக்கத்தில் நம்ம ஆள் யாரும் இல்லை.

உத்தரவு குழந்தையை காப்பாற்றியது. ஆனால் 13 வயது பிள்ளைக்கு அதில் இடம் இல்லை. முதல் தடவை போகிற வயசான தாய்க்கு இடம் இல்லை. கணவன், மனைவி, குழந்தை மூன்று பேரும் சேர்ந்து உட்கார உத்தரவாதம் இல்லை. பெற்றோரில் ஒருவர் போதும் என்பதோடு முடிந்து விடுகிறது.

இரண்டு பி.என்.ஆரில் டிக்கெட் போட்டால் இந்த உரிமையும் கைநழுவி விடும். விலை கொஞ்சம் குறைகிறது என்று சில ஏஜெண்டுகள் ஒரு குடும்பத்துக்கு இரண்டாகப் பிரித்து டிக்கெட் போடுவது உண்டு. குழந்தை ஒரு டிக்கெட்டிலும் தாய் வேறு டிக்கெட்டிலும் இருந்தால் கம்ப்யூட்டருக்கு நீங்கள் யாரோ, அது யாரோ.

ரெயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு என்று தனியாக இருக்கிறது. கீழ் பெர்த் கேட்டதற்காக கூடுதல் காசு கிடையாது. அரசு விரைவு பஸ்சில் ரிசர்வ் செய்யும்போது ஜன்னல் சீட்டாக இருந்தாலும் ஓர சீட்டாக இருந்தாலும் ஒரே விலைதான். ரெயிலிலும் குறை இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டண சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் தாயையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைக்க ரெயில்வே விலை வைத்தது இல்லை.

கம்பெனிகள் சொல்லும் நியாயம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டிக்கெட் விலையை குறைவாக வைத்து இருக்கிறோம், வேண்டியவர்கள் வேண்டியதற்கு மட்டும் காசு கொடுக்கட்டும், ஒரு கைப்பையோடு தனியாக போகிறவர் மற்றவரின் சவுகரியத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது கம்பெனிகளின் வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. கால் நீட்ட இடம் உள்ள முன் வரிசை சீட் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் காசு கொடுக்கட்டும். யாரும் தடுக்கவில்லை.

ஆனால் ஆறு வயசு குழந்தை தாய் பக்கத்தில் உட்காருவது சவுகரியம் இல்லை, அவசியம்.

இன்னொன்று. ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்கு போகலாம் என்பார்கள். இந்தியாவில் உள்நாட்டு பயணிகளில் 100-க்கு 60 பேருக்கு மேல் ஒரே கம்பெனியின் விமானத்தில்தான் போகிறார்கள். 2025 டிசம்பர் தொடக்கத்தில் அந்த இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது நாடே திண்டாடியது. மற்ற கம்பெனிகளின் டிக்கெட் விலை கண்டபடி ஏறி, கடைசியில் மத்திய அரசே உச்சவரம்பு போட வேண்டி வந்தது. அடுத்த கடைக்கு போவது அவ்வளவு லேசு இல்லை.

காசு கொடுத்து சீட் வாங்கிய பயணியின் கஷ்டமும் இருக்கிறது. அவர் 500 ரூபாய் கட்டி ஜன்னல் சீட் வாங்கி இருப்பார். கடைசி நிமிஷத்தில், "கொஞ்சம் மாறிக்கோங்க" என்று கேட்டால் அவருக்கு கோபம் வரத்தான் செய்யும். மாற மறுத்தால் அவரை கெட்டவர் என்று சொல்வது தப்பு. கம்பெனி செய்ய வேண்டிய வேலையை பயணிகள் தலையில் கட்டி, அவர்களுக்குள் சண்டை மூட்டி விடுகிறார்கள் என்பதுதான் உண்மை.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

விமானம் புறப்படும் முன் பணிப்பெண்கள் சைகை காட்டுவதை கவனித்து இருப்பீர்கள். ஆக்சிஜன் முகமூடி மேலே இருந்து விழுந்தால் முதலில் நீங்கள் மாட்டிக் கொண்டு, பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள் என்பார்கள். குழந்தை 27-வது வரிசையில், தாய் 12-வது வரிசையில் இருந்தால் யார் மாட்டி விடுவது?

ஒரு புது ரக விமானத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் ஒரு சோதனை வைக்கிறார்கள். பாதி கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடிய வேண்டும். 2024-ம் ஆண்டு ஜனவரி 2-ந்தேதி ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஹனேடா விமான நிலையத்தில் பயணிகள் விமானம் ஒன்று தரை இறங்கியபோது கடலோர காவல் படை விமானத்தின் மீது மோதி தீப்பிடித்தது. கடலோர காவல் படை விமானத்தில் 5 பேர் பலியானார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பைகளை விட்டு விட்டு, ஒரே திசையில் ஒழுங்காக போனது முக்கிய காரணம் என்று அப்போது பேசப்பட்டது.

அப்படி ஒரு நேரத்தில் எந்த தாய் பிள்ளையை விட்டு விட்டு கதவுப் பக்கம் போவாள்? கூட்டத்துக்கு எதிராக பின்பக்கம்தான் ஓடுவாள். அவளால் வழி அடைபடும். ஆபத்து எல்லோருக்கும்தான். ஆகவே தனியாகப் போகிற பயணியும் குடும்பங்கள் சேர்ந்து உட்காருவதில் அக்கறை காட்ட வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

கனடா நாட்டில் 2019-ம் ஆண்டு டிசம்பர் 15-ந்தேதி முதல் தெளிவான சட்டம் இருக்கிறது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் பெற்றோருக்கு ஒட்டின சீட். 5 முதல் 11 வயது வரை என்றால் அதே வரிசையில், நடுவில் ஒரு சீட்டுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. 12, 13 வயது என்றால் ஒரு வரிசைக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. இதற்கு தனி கட்டணம் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதி விட்டார்கள்.

அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் அப்போதைய அதிபர் ஜோ பைடன் நாடாளுமன்ற உரையிலேயே இதை பேசினார். பிள்ளைகளை லக்கேஜ் மாதிரி நடத்தக் கூடாது என்றார். அடுத்த மாதமே, எந்தெந்த கம்பெனி இலவசமாக சேர்த்து உட்கார வைக்க உறுதி கொடுத்து இருக்கிறது என்ற பட்டியலை அந்த நாட்டு போக்குவரத்து துறை வெளியிட்டது. 2024 ஆகஸ்டில் 13 வயது வரை கட்டணம் வாங்கக் கூடாது என்று விதிமுறை கொண்டு வர முன்மொழிந்தது.

நம் நாட்டு உத்தரவை கனடா சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்று தெரிகிறது. வயது வாரியாக எவ்வளவு தூரம் என்ற அளவு நம்மிடம் இல்லை. 'கட்டணம் இல்லை' என்ற வார்த்தையை பச்சையாக எழுதவில்லை. பயணிக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்து விட்டால் ஏழை பயணியின் பாக்கெட்டில் இருந்து தெரியாமல் போகிற பணம் நின்று விடும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், குடும்பம் முழுவதற்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் போடச் சொல்லுங்கள். ஏஜெண்டு பிரித்துப் போடலாம் என்றால் குழந்தையும் தாயும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள். குழந்தையின் வயதை சரியாக கொடுங்கள்.

இரண்டாவது, டிக்கெட் போடும்போது சீட், சாப்பாடு, இன்சூரன்ஸ் என்று வரிசையாக பக்கம் வரும். வேண்டாம் என்றால் தாண்டிப் போகலாம். நாம் கேட்காமலே பில்லில் ஏதாவது சேர்ந்து இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கடைசி தொகையை ஒரு தடவை வாசியுங்கள். 2023 நவம்பர் 30-ந்தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஆன்லைன் தந்திரங்களுக்கு தடை போட்டு இருக்கிறது. கேட்காததை கூடையில் போடுவது அதில் ஒன்று. "எனக்கு பாதுகாப்பு வேண்டாம்" என்கிற மாதிரி வாசகம் போட்டு பயணியை கூச்சப்பட வைத்து காசு பறிப்பதும் அதில் ஒன்று.

மூன்றாவது, முடிந்த வரை சீக்கிரம் செக்-இன் செய்யுங்கள். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்னால் இருந்து செய்யலாம். அப்போதும் குழந்தை தனியாக விழுந்தால் பணம் கட்டி விடாதீர்கள். விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய் கவுண்ட்டரில், "டி.ஜி.சி.ஏ. ரூல் படி 12 வயசு வரை பெற்றோர் பக்கத்துல சீட் தரணும்" என்று சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். சண்டை வேண்டாம். இந்த ஒரு வரி போதும்.

நான்காவது, கூட வருபவர் வயசானவர், முதல் தடவை வருபவர் என்றால் அதையும் கவுண்ட்டரில் சொல்லுங்கள். உரிமையாக கேட்க முடியாவிட்டாலும் இடம் இருந்தால் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால், பெல்ட் மாட்டுவது எப்படி, தண்ணி கேட்டால் காசு இல்லை என்பதையாவது ஏறும் முன் அவர்களுக்கு சொல்லி அனுப்புங்கள். நான் சொல்ல மறந்து விட்டேன்.

ஐந்தாவது, மறுத்தால் விடாதீர்கள். டிக்கெட், போர்டிங் பாஸ், பணம் கட்டிய ரசீது மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். மத்திய அரசின் 'ஏர் சேவா' ஆப் மூலம் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். அதற்கும் மேலே போக வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே என்று தேடி அலைய வேண்டாம். பொருள் அல்லது சேவைக்கு கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனு கட்டணமும் கிடையாது.

350 ரூபாய்க்காக யார் போய் மனு போடுவார்கள் என்று கேட்கலாம். கம்பெனிக்கும் அந்த நம்பிக்கைதான். ஒரு பேச்சுக்கு ஒரு விமானத்தில் 100 பேர் தலைக்கு 300 ரூபாய் கட்டினால் 30 ஆயிரம் ரூபாய். ஒரு நாளைக்கு எத்தனை விமானம் பறக்கிறது என்று பெருக்கிப் பாருங்கள்.

2022-ல் போர்டிங் பாஸ் கட்டணம் போனது ஜனங்கள் கேள்வி கேட்டதால்தான். 2024-ல் குழந்தைகளுக்கு உத்தரவு வந்ததும் யாரோ சிலர் புகார் கொடுத்ததால்தான். வயசான தாய்க்கும் ஒரு வரி அதில் சேர வேண்டும் என்றால் நாமும் கேட்டால்தான் நடக்கும்.

என் மாமியார் இப்போதும் சொல்வார், "இனிமே ரெயில்லயே போலாம்பா. அதுல எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்." அவருக்கு பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் அடுத்த தடவை டிக்கெட் கடையில், "தலைக்கு 350" என்று சொன்னால் அதற்கு பதில் இருக்கிறது. உங்களிடமும் இருக்கட்டும்.